இருட்டில் கவிழ்த்த பஞ்சாரம்

தமிழில் எண்களைச் சோடி சேர்த்துப் பேசும் வழக்கம் உண்டு. நாலைந்து பேர் வந்தார்கள், ஏழெட்டு மைல் இருக்கும், பத்துப் பதினைந்து கிலோ தேறும். "நாலா, ஐந்தா, சரியாகச் சொல்" என்று கேட்பவர் யாரும் மடக்குவதில்லை. சரியாகத் தெரியாது என்பதையும், எவ்வளவு தெரியாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நாலைந்து என்பவருக்கு ஏறக்குறையத் தெரியும். பத்துப் பதினைந்து என்பவருக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். "அம்பது நூறு இருக்கும்" என்பவர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறும் சாலையோரம், ஒரு தேயிலைச் சரிவின் அடியில் நின்றபோது இந்த வழக்கை மறுபடி கேட்டேன். "இந்தச் சரிவுல இன்னிக்கு எவ்வளவு கொழுந்து வரும்ண்ணே?" என்று அங்கே பறிப்பை மேற்பார்த்துக்கொண்டிருந்த மண்டோரிடம் கேட்டேன். அவர் மலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "நானூறு ஐநூறு கிலோ வரும் தம்பி. மழை புடிச்சா சொல்ல முடியாது" என்றார். மாலையில் நிறுவைக் கொட்டகையில் கணக்கரான கிராணி எழுதப்போவது ஒரே ஒரு எண். அவருக்கு என்ன கவலை, முழுக் கொழுந்தும் தராசில் இருக்கிறது. பறிக்கும் முன்பே சொல்ல வேண்டியவர் மண்டோர். புள்ளியியல் என்ற துறை மண்டோரின் பக்கத்தில் நிற்கும் துறை.

முன்கூட்டியே ஏன் சொல்ல வேண்டும்? கொழுந்து காத்திருக்காது. பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போய் வாட்டும் தொட்டியில் பரப்பப்பட வேண்டும். மூட்டையில் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்துக்கு 1 கிலோ தூள் கிடைக்கும். எத்தனை லோரி, எத்தனை தொட்டி, எத்தனை ஆள் என்பதெல்லாம் நாளைய எடையைப் பற்றிய இன்றைய மதிப்பீட்டில் நிற்கிறது. 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்தார். 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும் ஒவ்வொரு பறிப்புச் சுற்றிலும், காட்டை அழித்துச் செடி நட்ட தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்த மதிப்பீட்டைக் கண்ணாலேயே செய்து வந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பெட்டி பொருத்திய கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கேள்வி மட்டும் மாறவில்லை.

மண்டோரின் விடையில் குறை என்று சொன்னால் ஒன்றுதான். இப்படிச் சொல்லும் 'நானூறு ஐநூறு', நூறு தடவையில் எத்தனை தடவை பலிக்கும்? அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புள்ளியியலில் 'நம்பிக்கை இடைவெளி' என்று பெயர் பெற்றிருப்பது, அந்த ஒரு கேள்விக்கும் விடை சேர்த்துத் தரப்பட்ட நாலைந்துதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் என்னுடையவை, எந்தத் தோட்டத்தின் ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. சரிவில் 10,000 செடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் பறித்து எடைபோட நேரமில்லை. 36 செடிகளை மட்டும் பறித்துத் தனித்தனியாக நிறுக்கிறோம். சராசரியாகச் செடிக்கு 50 கிராம் வருகிறது. ஒன்று 20 கிராம், ஒன்று 85 கிராம் என்று செடிக்குச் செடி ஏற்றத்தாழ்வு இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வின் அளவைத் திட்டவிலக்கம் என்பார்கள். அது 18 கிராம் என்று வந்தது.

இங்கேதான் எளிமையான ஓர் உண்மை உதவிக்கு வருகிறது. ஒற்றைச் செடி பெரிதும் ஏமாற்றும். 36 செடியின் சராசரி அவ்வளவு ஏமாற்றாது. ஒரு செடி கூடுதலாகக் கொடுத்ததை இன்னொரு செடி குறைத்துக் கொடுத்து ஈடுகட்டிவிடும். எவ்வளவு ஈடுகட்டும் என்பதற்கும் கணக்கு உண்டு: திட்டவிலக்கத்தை, எடுத்த செடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 36-க்கு வர்க்கமூலம் 6. 18-ஐ 6-ஆல் வகுத்தால் 3. இந்த 3 கிராம், சராசரியின் திட்டப்பிழை. சராசரிக்கு இருபுறமும் ஏறத்தாழ இரண்டு திட்டப்பிழை தள்ளி வேலி போட்டால் (கறாராக 1.96) 44 முதல் 56 கிராம். 10,000 செடிக்கு 440 முதல் 560 கிலோ கொழுந்து. தூளாகச் சொன்னால் 88 முதல் 112 கிலோ. இது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி.

மண்டோர் ஒரு செடியையும் பறிக்காமலே கிட்டத்தட்ட இதே இடத்தில் வந்து நின்றார் என்று தோன்றலாம். கணக்கைப் போட்டவன் நான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அந்த 36 செடியை எப்படி எடுப்பது? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது. அந்தப் பழமொழி சோற்றுக்குப் பொருந்தும். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், அடியிலிருந்து நுனிவரை கொதி கிண்டிவிடுகிறது. மலையை யாரும் கிண்டிவிடுவதில்லை. ஓடையோரச் செடி ஒரு மாதிரி, முகட்டில் காற்று வாங்கும் செடி ஒரு மாதிரி, காலை வெயில் படும் பக்கம் ஒரு மாதிரி. சாலையோரத்தில் கைக்கு எட்டும் 36 செடியைப் பறித்தால் சாலையோரத்தைப் பற்றித்தான் தெரியும்.

"பார்த்தா சுமாரா இருக்கிற செடியாப் பொறுக்கி எடுத்துடலாமே" என்று அடுத்துத் தோன்றும். இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் உண்டு. இத்தாலியில் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் ஒரு பகுதியை மட்டும் காப்பாற்றி வைக்க வேண்டியிருந்தது. கொர்ராதோ ஜினி, லூயிஜி கால்வானி என்ற இரு புள்ளியியலாளர்கள் நாட்டின் 214 மாவட்டங்களில் 29-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். சில முக்கியமான விஷயங்களில் அந்த 29-இன் சராசரி நாட்டுச் சராசரியோடு ஒத்துப்போகும்படி பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். பொறுக்கிய விஷயங்களில் ஒத்துப்போயிற்று. மற்ற விஷயங்களை எடுத்துப் பார்த்தால் கன்னாபின்னாவென்று விலகியிருந்தது. கண்ணுக்குச் சராசரியாகத் தெரிகிறவற்றைப் பொறுக்கினால் கண் எதைப் பார்த்ததோ அது மட்டும் சராசரியாக இருக்கும். ஆகவே சீட்டுக் குலுக்கல். செடிக்கு எண் கொடுத்து, எண்ணைக் குலுக்கி எடுத்து, அந்த எண் முகட்டில் இருந்தாலும் முணகாமல் ஏறிப்போய்ப் பறிக்க வேண்டும்.

இத்தாலியர்களின் இந்த அனுபவத்தை 1934 ஜூனில் லண்டனில் அரச புள்ளியியல் கழகத்தின் கூட்டத்தில் எடுத்துவைத்துப் பிரித்து மேய்ந்தவர் யெர்சி நெய்மான். இன்றைய மால்டோவாவில் இருக்கும் பெந்தெரியில் 1894-ல் பிறந்த போலந்துக்காரர். நம்பிக்கை இடைவெளி என்ற பெயரை ஆங்கில உலகம் முதலில் கேட்டது அந்தக் கட்டுரையில்தான். கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் ஆர்தர் பௌலி; மாதிரி ஆய்வுகளில் பழுத்த கை. ஆங்கிலத்தில் நம்பவைத்துக் கழுத்தறுப்பதற்குக் 'கான்ஃபிடன்ஸ் ட்ரிக்' என்று பெயர். இந்தக் கான்ஃபிடன்ஸும் அந்த வகைதானோ என்று எனக்கு ஐயம் என்கிற பொருளில் அவர் ஒரு போடு போட்டார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அவர் விரல் வைத்த இடம் சரியான இடம்.

தமிழிலும் அதே வம்பு இருக்கிறது. 'நம்பிக்கை' என்ற சொல் நெஞ்சுக்குள் இருப்பது. 95 சதவீத நம்பிக்கை என்றதும், 44-க்கும் 56-க்கும் நடுவில் உண்மை இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு என்றுதான் எல்லோரும் படிக்கிறோம். பாடம் நடத்துகிறவர்களிலும் பலர் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். நெய்மான் சொன்னது அது இல்லை.

தோட்டத்து லயங்களில் கோழி வளர்த்தவர்களுக்குப் பஞ்சாரம் தெரியும். மூங்கிலில் முடைந்த, கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை. இருட்டில் முற்றத்தில் எங்கோ ஒரு கோழி அடைந்து கிடக்கிறது. அது அசையாது. இரைச்சல் வந்த திசையை வைத்துக் குத்துமதிப்பாகப் பஞ்சாரத்தைக் கவிழ்க்கிறீர்கள். கோழி என்பது உண்மையான சராசரி. அந்தச் சரிவில் இன்று இருக்கிற, நமக்குத் தெரியாத, ஆனால் மாறாத ஓர் எண். பஞ்சாரம் என்பது இடைவெளி. குலுக்கலில் வேறு 36 செடி வந்திருந்தால் பஞ்சாரம் வேறு இடத்தில் விழுந்திருக்கும். அதன் அகலம்கூடக் கொஞ்சம் மாறியிருக்கும். அசைவது கோழி அல்ல, கூடை. 95 சதவீதம் என்பது கவிழ்க்கும் கையின் திறமை: இதே முறையில் நூறு இரவு கவிழ்த்தால் ஏறக்குறைய 95 இரவு கோழி உள்ளே இருக்கும். இன்று இரவு கவிழ்த்தாகிவிட்டது. இப்போது கோழி உள்ளே இருக்கிறது, அல்லது இல்லை. இதில் 95-ம் இல்லை, 5-ம் இல்லை. விடியாத முற்றம், அவ்வளவுதான்.

இருபது பேரை அனுப்பி ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கி 36 செடி பறித்து வரச்சொன்னால் இருபது வெவ்வேறு இடைவெளிகள் வரும். ஒருவர் 44-56, ஒருவர் 47-58, ஒருவர் 41-52. சராசரியாகப் பத்தொன்பது பேரின் கூடைக்குள் கோழி இருக்கும், ஒருவருக்குத் தப்பியிருக்கும். தப்பியவர் யார் என்று அவருக்கும் தெரியாது. அவர் எழுதிக்கொண்டு வரும் தாள் மற்றவர்களுடையதைப் போலவே பார்க்க அழகாக இருக்கும். ஒரு தோட்டத்தின் இருபது பகுதிகளுக்கும் இப்படி இடைவெளி கட்டி மேசையில் வைக்கும்போது, அதில் ஏதோ ஒன்று தப்பாக இருக்கக்கூடும் என்பதை மேலாளர் மனதில் வைத்துக்கொண்டுதான் லோரி அனுப்ப வேண்டும்.

இது என்ன சுற்றிவளைப்பு, இந்தக் கூடைக்குள் கோழி இருக்கிறதா என்றுதானே எனக்குத் தெரிய வேண்டும் என்று எரிச்சல் வரும். நியாயமான எரிச்சல். அதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது. 1763-ல், இறந்த பிறகு வெளியான கட்டுரையில் தாமஸ் பேய்ஸ் போட்டுக்கொடுத்த வழி. அதில் நடக்க வேண்டுமானால், செடியைத் தொடும் முன்பே உங்களுக்கு என்ன தெரியும் என்பதையும் எண்ணாக்கி உள்ளே போட வேண்டும். கோழி வழக்கமாக எந்த மூலையில் அடையும் என்று தெரிந்தவருக்கு அது எளிது. மலையையும் வானத்தையும் பார்த்த மண்டோர் செய்தது கிட்டத்தட்ட அதுவே. நெய்மான், முன்னனுபவம் ஒன்றும் இல்லாதவனும் கவிழ்க்கக்கூடிய கூடையைத் தேடினார்.

கூடையைச் சின்னதாக்க என்ன விலை? வர்க்கமூலம் இரக்கமில்லாதது. சராசரிக்கு இருபுறமும் 6 கிராமாக இருக்கும் பிழையை 3 ஆக்க 72 செடி போதாது, 144 வேண்டும். 2 ஆக்க 324. பாதிப் பிழைக்கு நாலு மடங்கு வேலை, மூன்றில் ஒரு பங்குப் பிழைக்கு ஒன்பது மடங்கு. அதே சமயம் பலருக்கும் நம்ப முடியாத இன்னொரு விஷயம்: சரிவில் 10,000 செடி இருந்தாலும் 10 லட்சம் செடி இருந்தாலும், ஏற்றத்தாழ்வு ஒன்றாக இருந்தால் 36 செடி தரும் துல்லியம் ஏறக்குறைய ஒன்றுதான். டம்ளர் தேநீரில் சர்க்கரை பார்க்க ஒரு வாய் போதும் என்றால், நன்றாகக் கலக்கிய அண்டாவுக்கும் ஒரு வாய் போதும்.

மறுபக்கம், சோம்பேறித்தனத்துக்கும் விலை உண்டு. 36 வேண்டாம், 4 செடி பறித்தேன் என்றால் திட்டப்பிழை 9 கிராம் ஆகும். இரண்டால் பெருக்கி 32 முதல் 68 என்று எழுதக்கூடாது. நாலே செடியை வைத்துக் கணக்கிட்ட ஏற்றத்தாழ்வின் அளவே நம்பத்தக்கது அல்ல. அந்த ஐயத்துக்கும் இடம் விட வேண்டும். எவ்வளவு விடுவது என்று கண்டுபிடித்தவர் டப்ளினில் கின்னஸ் மதுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட். வாற்கோதுமையையும் ஹாப்ஸையும் வைத்துச் செய்யும் சோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை எப்போதும் கைவிரலில் எண்ணும் அளவு மாதிரிகள். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத நிறுவனம் விடாததால் 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அவர் அட்டவணைப்படி 4 செடிக்கு 1.96 அல்ல, 3.18-ஆல் பெருக்க வேண்டும். இடைவெளி 21 முதல் 79 கிராம் என்று விரியும். "அம்பது நூறு இருக்கும்" என்பவருக்கு நெருங்கிய சொந்தம்.

செடியைக் கூட்டாமலே கூடையைச் சுருக்கும் தந்திரம் ஒன்றும் 1934 கட்டுரையில் இருந்தது. மலை ஒரே மாதிரி இல்லை என்பது தொல்லைதானே? அதையே வசதியாக்கிக்கொள். ஓடையோரம், நடுச்சரிவு, முகடு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனியாகக் குலுக்கு. ஓடையோரத்துக்குள் செடிக்குச் செடி வேறுபாடு குறைவு. ஆகவே அங்கே கொஞ்சம் பறித்தால் போதும். எங்கே செடிகள் அதிகமோ, எங்கே ஏற்றத்தாழ்வு அதிகமோ, அங்கே கூடுதலாகப் பறி. மொத்தம் அதே 36 செடிதான்; பிழை குறையும். இதே பங்கீட்டை 1923-லேயே ருஷ்யரான சுப்ரோவ் எழுதியிருந்தார் என்பது பிறகு தெரியவந்தபோது நெய்மான் அதை ஒப்புக்கொண்டார்.

தேயிலைக்கு மட்டும் அல்ல, இது தேர்தலுக்கும் பொருந்தும். 2019 ஜனவரி 26-ல் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. ஓராங் அஸ்லி பழங்குடிச் சமூகத்திலிருந்து முதல் முறையாக ஒருவர் மக்களவைக்குப் போனார். அந்தத் தொகுதியில் அப்போது மலாய்க்காரர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சீனர் முப்பது சதவீதத்தை ஒட்டி, ஓராங் அஸ்லி ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், இந்தியர் நூற்றுக்குப் பதினைந்து பேர். இப்படிப்பட்ட தொகுதியில் 1,000 பேரைக் குலுக்கலில் எடுத்துக் கேட்டால் பிழை கூடக்குறைய 3 சதவீதம் என்று நாளிதழ் அடியில் சின்ன எழுத்தில் போடலாம். ஆனால் அதே கட்டுரை "இந்தியர்களில் 54 சதவீதம் பேர்" என்று தொடங்கினால் அது 150 பேரைப் பற்றிய பேச்சு. அங்கே பிழை 3 அல்ல, 8. அதாவது 46 முதல் 62. நம் சமூகம் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று தேநீர்க் கடையில் மேசையைத் தட்டுவதற்கு முன் அந்தச் சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டு இடைவெளிகளை ஒப்பிடும்போது படித்தவர்களும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. புது உரம் போட்ட பகுதியில் செடிக்கு 60 கிராம், 54 முதல் 66. பழைய உரத்தில் 50. 44 முதல் 56. இரண்டும் 54-க்கும் 56-க்கும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. ஆகவே வித்தியாசம் இல்லை என்று முடிவுகட்டுவார்கள். தவறு. வித்தியாசத்துக்கு என்று தனி இடைவெளி கட்ட வேண்டும். 3-இன் வர்க்கத்தையும் 3-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 18, அதன் வர்க்கமூலம் 4.24. இரண்டு மடங்கு 8.5. வித்தியாசம் 10, இடைவெளி 1.5 முதல் 18.5. சுழியம் இதற்குள் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் கடைசி எல்லைவரை பிசகுவது அபூர்வம் என்பதுதான் காரணம்.

தேயிலையைப் பற்றிப் பேசிவிட்டு ரோதாம்ஸ்டெட் பெண்மணியைச் சொல்லாமல் போனால் புள்ளியியல்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1920-களில் இங்கிலாந்தின் அந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியல் அறிஞர், பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரையா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றார். (நம் தே தாரிக்கில் இந்த வழக்கே எழாது. இரண்டு குவளைக்கு நடுவே ஒரு கஜம் இழுத்த பிறகு எது முதலில் விழுந்தது என்று எந்த நாக்கும் சொல்லாது.) புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் எட்டுக் கோப்பை வைத்தார், நாலு இப்படி, நாலு அப்படி. எட்டில் நாலைத் தேர்ந்தெடுக்க 70 வழி இருப்பதால், ஒன்றும் தெரியாதவர் குருட்டாம்போக்கில் முழுச் சரியாகச் சொல்ல எழுபதில் ஒரு வாய்ப்பு. 1935-ல் தன் புத்தகத்தில் இந்தச் சோதனையை எழுதிய ஃபிஷர் முடிவை எழுதவில்லை. எட்டையும் சரியாகச் சொன்னார் என்று பின்னால் பிறர் சொன்னார்கள்.

சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். "அவருக்கு ஏதோ தெரிகிறது" என்பதோடு ஃபிஷரின் சோதனை நிற்கும். எவ்வளவு தெரிகிறது என்று இடைவெளி கேட்கும். சோதனையைச் சற்று மாற்றி, ஒவ்வொரு கோப்பைக்கும் எது முதலில் என்று காசு சுண்டி முடிவெடுத்ததாக வைத்துக்கொள்ளலாம். எட்டுக்கு எட்டு என்றால் ஏற்றத்தாழ்வே இல்லை. மேலே போட்ட சூத்திரம் திட்டப்பிழை சுழியம் என்று சொல்லி, 100 முதல் 100 சதவீதம் என்று ஒரு கோட்டைக் கூடையாக நீட்டும். எட்டுக் கோப்பை குடித்தவர் வாழ்நாளில் பிழையே விடமாட்டார் என்று பொருள். அசட்டுத்தனம். நெய்மானின் கட்டுரை வந்த அதே 1934-ல் கிளாப்பர், ஈகான் பியர்சன் என்ற புள்ளியியலாளர்கள் சேர்ந்து இதற்குச் சரியான வழி காட்டினார்கள்: எட்டையும் சரியாகச் சொல்வது மிக அரிதாகிவிடும் அளவுக்குத் திறமையைக் கீழே இறக்கிக்கொண்டே போ, எங்கே நிற்கிறதோ அதுவே கீழ் எல்லை. 63 சதவீதத் திறமைக்காரர் எட்டுக்கு எட்டு வாங்குவது நாற்பதில் ஒரு முறைதான் நடக்கும். ஆக இடைவெளி 63 முதல் 100. எட்டுக்கு எட்டு வாங்கியும் அவ்வளவு அகலம். நூற்றுக்கு நூறு வாங்கினால் 96 முதல் 100. தொழிற்சாலையில் வரிசையாகக் கோப்பை வைத்து உறிஞ்சித் துப்பும் சுவைஞர் ஒருவரின் நாக்குக்குச் சான்றிதழ் கொடுக்க எத்தனை கோப்பை வேண்டும் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஃபிஷரும் நெய்மானும் 1930-களின் நடுவில் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தார்கள். ஃபிஷரிடமும் இடைவெளி போன்ற ஒன்று இருந்தது. சில கணக்குகளில் எண்கள்கூட ஒன்றாகவே வரும், பொருள்தான் வேறு. அந்தப் பொருளை வைத்து மூண்ட சண்டை கடைசிவரை ஆறவில்லை. தேநீர் அறை ஒன்றுதான். நெய்மான் இருந்த பியர்சன் குழு குடித்து எழுந்து போன பிறகே ஃபிஷர் குழு உள்ளே வரும் என்று அந்தக் காலத்தை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி மழைக்கு வருவோம். மண்டோர் சொன்ன பாதி வாக்கியம் அது.

கேமரன் மலையில் மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது பறித்தால் கொழுந்தோடு தண்ணீரும் தராசில் ஏறும். செடிக்கு 8 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டது என்று வைப்போம். 36 செடியின் சராசரி 58 கிராம் ஆகும். ஏற்றத்தாழ்வு மாறாது, 18-தான். இடைவெளி 52 முதல் 64 என்று ஒழுங்காக வரும். சீட்டு ஒழுங்காகக் குலுக்கினோம், சூத்திரத்தில் பிழையில்லை. ஆனால் கோழி 50-இல் அடைந்திருக்கிறது. இன்னும் உழைப்போம் என்று 3,600 செடி பறித்தால் பிழை 0.6 கிராமாகச் சுருங்கி 57.4 முதல் 58.6 என்று வரும். கூடை சிறுக்கச் சிறுக்க, கோழி இல்லாத இடத்தில் இன்னும் அழுத்தமாக உட்காருகிறது. குலுக்கலில் வந்த தற்செயலை மட்டுமே இடைவெளி அளக்கும். தண்ணீரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஈரத்துக்கு என்று கிராணி எவ்வளவு கழிக்கிறார் என்பது தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்குரிய எண். எந்தச் சூத்திரத்துக்கும் முன்பே கொழுந்து பறிக்கும் பெண்கள் அதை வாதாடித் தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தண்ணீர்ப் பிழையின் வேறு ஒரு வடிவம் இந்தியாவில் பெரிய விவாதமாயிற்று. 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலநோபிஸ், 1930-களின் பிற்பகுதியிலிருந்து வங்காளத்தில் சணலையும் பிறகு நெல்லையும் மாதிரி முறையில் அளக்கத் தொடங்கினார். வயலில் ஒரு சிறு சட்டத்தை வைத்து அதற்குள் இருப்பதை அறுத்து நிறுப்பார்கள். சிறியதாக இருந்தால் மலிவு; ஒரே நாளில் பல வயல் போகலாம்; வர்க்கமூலமும் நம் பக்கம். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் பி. வி. சுகாத்மே. லண்டனில் நெய்மானிடமே படித்து 1936-ல் முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தவர். 1940-களில் அவர் சிறு துண்டுகளையும் பெரிய துண்டுகளையும் ஒப்பிட்டு அறுத்துப் பார்த்தார். துண்டு சிறிதாகச் சிறிதாக விளைச்சல் கூடுதலாக வந்தது. மண்ணில் மாயம் ஒன்றும் இல்லை. ஓரத்தில் நிற்கும் பயிரை அறுக்கிறவர் கை அறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. 1 மீட்டர் சதுரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 4 மீட்டர் ஓரம். 5 மீட்டர் சதுரத்தில் 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 0.8. ஓரம் ஐந்து மடங்கு அதிகம் என்றால் ஆசைக்கு இடமும் ஐந்து மடங்கு அதிகம்.

பழக்கப்பட்ட ஆளைப் போட்டால் இந்தப் பிழை வராது என்பது மகலநோபிஸ் தரப்பு. அதற்கு அவரிடம் ஒரு சோதனையும் இருந்தது. ஒரே பகுதிக்கு ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு குழுக்களை, தனித்தனியாகக் குலுக்கிய மாதிரிகளோடு அனுப்புவார். இரண்டு கூடையும் ஒத்துப்போகாமல் தள்ளித் தள்ளி விழுந்தால், குலுக்கலைத் தாண்டி யாரோ ஒருவரின் கையில் கோளாறு. நல்ல யோசனைதான், என்றாலும் இரண்டு குழுவும் ஒரே பக்கம் ஆசைப்பட்டால் அது காட்டிக்கொடுக்காது. இந்த இடத்தில் நான் சுகாத்மே கட்சி.

இன்று தமிழ்நாட்டில் நெல் அறுவடைச் சோதனைக்குக் குலுக்கலில் வந்த வயலில், குலுக்கலில் வந்த புள்ளியிலிருந்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து முளை அடித்துக் கயிறு கட்டுகிறார்கள். பயிர்க் காப்பீட்டுப் பணம் அந்தக் கயிற்றுக்குள் விளைந்ததைப் பொறுத்தது. கயிறு ஒரு நெற்குத்தின் மேலேயே ஓடினால், பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் அறு, இல்லாவிட்டால் விடு என்பது விதி. நெல்லில் அது முடியும்; குனிந்து தூரைப் பார்த்தால் தெரிந்துவிடும். தேயிலையில் இடுப்பு உயரத்துக்குக் கவாத்து செய்த செடிகள் மேசை விரித்ததுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மேலே துளிர்த்திருக்கும் இரண்டு இலையும் மொட்டும் எந்தத் தூரைச் சேர்ந்தது என்று தெரிய, கொப்பை விலக்கி அடிவரை கையை விட்டுப் பார்க்க வேண்டும். 36 செடி பறிக்கப் போனவர் ஒவ்வொரு செடிக்கும் அப்படிக் கையை விட்டாரா என்று நான் கேட்கவில்லை.